பன்றிக்கறிக்கு ஒரு பப்பாளிக்காய்

எனக்குச் சந்தேகப் புத்தி. மறைப்பதற்கில்லை. பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றியிருக்கிறார் என்று நினைப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தி, செய்யவே கூடாது என்று சொன்ன காரியத்தை வாடகை வீட்டுக்குள் செய்துகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரியையும் வைத்துக்கொண்டு குடியிருந்தால் எப்படி நிம்மதியாக இருப்பாள்?

எண்பதுகளின் நடுவில், சேலையூரில். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு அந்த வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கணவருக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மொபெட்டில் போய் வந்தார். கல்யாணமாகி ஆறு வருஷம், நாங்கள் இரண்டே பேர். அதற்கு முன்னால் வீடு தேடி நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. கிறிஸ்தவர்கள் என்றதும் சிலர் கதவைச் சாத்தினார்கள். இன்னும் சிலர், "புள்ளைங்க இல்லியா? புது வீடும்மா, பாத்துத்தான் குடுக்கணும்" என்று இழுத்தார்கள். அந்த இரண்டாவது ரகத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

எதுவும் கேட்காமல் வீடு கொடுத்தவள் இந்த அக்கா ஒருத்திதான். அந்த ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, பின்னால் ஒரு கிணறும் இரண்டு மரமும்தான் மிச்சம். சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஆடு, கோழி, மீனு, எது வோணா செஞ்சிக்க. பன்னி மட்டும் வூட்டுக்குள்ள வரக் கூடாது. வந்துச்சி, அன்னிக்கே காலி பண்ணிடணும்." நானும் தலையை ஆட்டினேன். ஒரு வருஷம் சொன்ன சொல் காப்பாற்றினேன்.

கெடுத்தது கணவரோடு வேலை பார்த்த ஒரு பரங்கிமலைக்காரர். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவிலிருந்து இரண்டு துண்டு பன்றிக்கறி கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து இவர் வேறு கறியைப் பற்றிப் பேசுவதே இல்லை. செய்முறையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி வந்துவிட்டார். இரண்டு கை பூண்டு. அதைக் கல்லுப்பும் மிளகும் வைத்து அம்மியில் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். மைய அரைத்தால் கறியில் பிடிக்காமல் வழிந்துவிடும். எட்டு எலுமிச்சம்பழம், ஒரு நாரத்தங்காய், புளிப்பை அடக்க ஒரு சாத்துக்குடி. பிழியும்போது கொட்டை விழுந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். எல்லாவற்றையும் பீங்கான் ஜாடியில் கலந்து வைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது.

சனிக்கிழமை சாயங்காலம் இதை நான் தயார் பண்ணுவேன். ஞாயிறு விடியற்காலையில் இவர் பல்லாவரம் பக்கம் போய்க் கறி வாங்கி, பைக்குள் முட்டைக்கோஸுக்கு அடியில் வைத்துக் கொண்டு வருவார். முள்கரண்டியால் துண்டுகளை நன்றாகக் குத்தி, சாற்றில் புரட்டி ஊறப் போட்டுவிட்டு நாங்கள் சர்ச்சுக்குப் போவோம். திரும்பி வந்து, ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, குக்கரை ஏற்றுவோம். எனக்கும் அந்தக் கறி பிடித்துத்தான் போனது. பழியை முழுக்க இவர் மேல் போடுவது நியாயமில்லை.

ஆனால் அம்மி எங்களுடையது இல்லை. கிணற்றடியில் கிடந்த அக்காவின் அம்மி. பழத்தோலைக் கொட்டுகிற குப்பைக்குழியும் அவளுடையதுதான். நான் அரைக்க உட்காரும்போதெல்லாம் துணி காயப்போடுகிற சாக்கில் வந்து நிற்பாள்.

"இன்னா, பூண்டு இம்மாம் போவுது?"

"வாய்வுக்குக்கா."

"எலுமிச்சங்கா வேற குழி நெறைய கீது?"

"வாய் கசப்பா இருக்குக்கா, புளிப்பா ஏதாவது கேக்குது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரித்த மாதிரியும் இருந்தது. தொலைந்தோம், மோப்பம் பிடித்துவிட்டாள் என்று அரைத்ததை வழித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அதற்கப்புறம் அவள் நடவடிக்கையே மாறிவிட்டது. தினம் காலையில் ஒரு டம்ளர் பாலோடு வந்து, நான் குடித்து முடிக்கும்வரை அடுப்படியில் நின்றாள். வீட்டுக்காரி சும்மா பால் கொடுப்பாளா? கண்ணாலேயே என் பாத்திரங்களைத் துழாவத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். பீங்கான் ஜாடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த வாரம், வாசலில் இருந்த அடிபம்பில் என்னைக் கை வைக்க விடவில்லை. "நீ அடிக்காத. கொடத்த வெச்சிட்டுப் போ, நா ரொப்பி வெக்கறேன்." எனக்குச் சுருக்கென்றது. பன்றி தொட்ட கை பம்பில் படக் கூடாதாம்! இவளும் அவ்வளவுதானா என்று வந்த ஆத்திரத்தில் அன்று சோறுகூட இறங்கவில்லை.

"நேரா காலி பண்ணச் சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கிறா?" என்று இவரிடம் கத்தினேன்.

"உனக்குப் பேயைப் பார்த்தாலும் சந்தேகம், பாலைப் பார்த்தாலும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு இவர் பேப்பரைப் பிரித்தார். எதிர்த்துச் சண்டை போடக்கூடத் துப்பில்லாத மனுஷர்.

இவ்வளவு பயத்திலும் ஜாடியை ஏறக்கட்டத் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் நாக்கு. கறி கொஞ்சம் விறைப்பாகவே வெந்துகொண்டிருந்தது. என்ன கறி என்று சொல்லாமல் பள்ளிக்கூடத்தில் ஒரு முஸ்லிம் டீச்சரிடம் கேட்டேன். "பப்பாளிக்காய் ஒரு துண்டு அரைச்சு சேருங்க, பஞ்சு மாதிரி வெந்துடும்" என்றார். பப்பாளி மரம் எங்கள் கிணற்றடியிலேயே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்காவைக் காணோம் என்று உறுதி பண்ணிக்கொண்டு, தொரட்டியால் ஒரு காயைப் பறித்தேன். பால் சொட்டச் சொட்ட அம்மியில் வைத்துக் கத்தியை எடுத்தேன். எங்கிருந்து வந்தாளோ, பாய்ந்து வந்து காயைப் பிடுங்கிக் குழியில் எறிந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

"எனக்கு எல்லாம் தெரியும். ஒரு மாசமா பாத்துகினுதான் கீறேன்."

"தப்புதான்க்கா."

"இது ஒன் வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. ரெண்டு பேரும் சேந்துதான்... மன்னிச்சிடுங்க. காலி மட்டும் பண்ணச் சொல்லாதீங்க. இனிமே எங்கயும் எங்களுக்கு வீடு கிடைக்காது."

"அட எவ இவ, வூட்டப் பத்திப் பேசிகினு! ஆறு வருசம் கயிச்சி வந்து நிக்கிது. அத்தப் பப்பாளிக்கா துன்னு கலைக்கப் பாக்கறியே, நீயெல்லாம் பொம்பளையாடி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எலுமிச்சம்பழத்தை மசக்கை என்று நினைத்திருக்கிறாள். பால் அதற்காக. குடம் தூக்கவிடாதது அதற்காக. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், கண்பட்டுவிடும் என்று என்னிடமே கேட்காமல், ஒரு மாதமாக என் வயிற்றுக்குக் காவல் இருந்திருக்கிறாள். நானோ தினம் அவள் பாலைக் குடித்துவிட்டு அவளையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு தப்பிக்கும். பத்து நாள் கழித்து, தங்கவில்லை அக்கா என்று சொல்லிவிடலாம். அந்த யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"பன்னிக்கறிக்குக்கா" என்றேன். "பூண்டு, எலுமிச்சை, எல்லாமே. ஊறப் போடறதுக்கு. பப்பாளி கறி வேகறதுக்கு."

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். கத்துவாள், சாமானை வெளியே வைக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உள்ள ஒண்ணுமே இல்லியா?"

"இல்லக்கா."

பன்றியைப் பற்றி அவள் அன்றைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருந்த ஏழு வருஷத்திலும் கேட்கவில்லை. "அம்மனுக்குப் பொடவ சாத்தறேன்னு வேண்டிக்கினேன்டி" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆறு வருஷத்தில் எனக்காக அப்படி அழுத ஆள் வேறு யாரும் இல்லை, என்னைப் பெற்ற தாய் உட்பட. பக்கத்தில் உட்கார்ந்து, பூண்டு வாடை அடிக்கிற கையால் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "அழாதீங்கக்கா, பொறக்கும்க்கா" என்று நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.