அரண்மனைத் தோட்டத்தில் எடுத்த படம்

ஓசூர் கம்பெனி என்னைப் பயிற்சிக்கு ஆஸ்திரியா அனுப்பியது. கிளம்பும் முன், பிரஸ் மெஷின் அடிக்கடி நின்று தொல்லை கொடுத்ததால், கை உள்ளே போனால் அதை நிறுத்தும் சென்சாரைத் துண்டித்து வைத்தேன். ஆபரேட்டர் முருகேசனிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வியன்னாவில் பழைய அரண்மனையைப் பார்த்தேன். தோட்டத்தில் எடுத்த படத்தை ஷிப்ட் குரூப்பில் போட்ட கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் அழைத்தார்.

"முருகேசனுக்கு நாலு விரலு போயிருச்சுப்பா. சென்சாரு ஏன் வேல செய்யல?"

"தெரியலைங்க சார்."

எதிரே வேலிச்செடிகள் ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருந்தன.

முருகேசனின் அலட்சியம்தான் காரணம் என்று எழுதி, அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்ததும் ஊத்தங்கரைக்குப் போய் அவனைப் பார்த்தேன். இடது கையால் போனைத் தடவி அந்தப் படத்தைக் காட்டினான்.

"இதுல நல்லா சிரிக்கறீங்கண்ணா."

சென்சாரைப் பற்றிச் சொல்லாமலே ஓசூர் பஸ் ஏறினேன்.