அக்கா நம்பிய விளம்பரம்

அவளுடைய குரல் கேட்காத வீடு அந்த ஊரில் இல்லை. முகம் தெரிந்த வீடுதான் அபூர்வம். சோப்பு, மெத்தை, தண்ணீர்க் குழாய் என்று எதற்கு எழுதிக் கொடுத்தாலும், சொந்தக்காரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல ரேடியோவில் பேசிவிடுவாள். "உங்க குரல்ல ஒரு ஒட்டுதல் இருக்கும்மா" என்பார் விளம்பரக் கம்பெனி மேனேஜர்.

சர்க்கரை வியாதிக்கான மூலிகைப் பொடி விளம்பரமும் அப்படித்தான் அவளிடம் வந்தது. சத்தம் பதிந்துவிடும் என்று ஃபேனை அணைத்திருந்த புழுக்கமான அறையில், ஒரே மூச்சில் பேசி முடித்தாள்: "எங்க அக்காவும் இதைத்தான் சாப்பிடறாங்க. மாத்திரையை மறந்தே போயிட்டாங்க!" வீடு வந்து சேர்வதற்குள் அதை அவளும் மறந்துபோனாள்.

அவளுக்கு நிஜமாகவே ஓர் அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், சர்க்கரைக்காரி. விளம்பரம் வந்தால் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, "என் தங்கச்சி என்னைத்தான் சொல்றா" என்று பூரித்துப்போவாள். பொடியை வாங்கினாள். மாத்திரையை நிறுத்தினாள். காலில் வந்த கொப்புளம் ஆறவில்லை. தங்கைக்குச் சேதி எட்டியபோது, பாதத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டுக்கா மாத்திரையை நிறுத்தின?"

"நீதானேடி சொன்ன."

"ஐயோ, அது எழுதிக் கொடுத்ததுக்கா. நான் சும்மா படிச்சேன்."

அக்கா கோபப்படவில்லை. "சும்மா படிச்ச மாதிரி இல்லையேம்மா" என்றாள்.

தங்கை அங்கிருந்து கிளம்பினாள். நேரே மேனேஜரிடம் போய் நின்றாள்.

"அதை நிறுத்திடுங்க சார்."

அவர் மனசில்லாமல்தான் சொன்னார்: "குரல்தாம்மா உங்களோடது. விளம்பரம் பொடிக் கம்பெனியோடது."

அக்காவின் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் அந்தப் பொடி இருந்தது. தங்கை ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து, "அது நான்தாங்க. சொன்னது அத்தனையும் பொய். டாக்டரைக் கேக்காம மாத்திரையை விடாதீங்க" என்றாள். இரண்டு வீட்டில் பொடி குப்பைக்குப் போனது. மூன்றாவது வீட்டுப் பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரேடியோவுல எவ்வளவு அன்பா சொல்லுச்சு அந்தப் பொண்ணு! அதை நம்பாம, உன்னை நம்பச் சொல்றியா?"

கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு எந்த விளம்பரத்துக்கும் அவள் வாய் திறக்கவில்லை. அக்காவைத் தன்னோடு கூட்டி வந்துவிட்டாள். ஆனாலும் அந்த மூன்றாவது வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். சில நாள் கதவு திறக்கிறது.