பொட்டு விழாத சாலை

உங்களுக்கு எங்கே பயம் என்று ஊராரிடம் கேட்டு எழுதுவதுதான் என் வேலை; கேட்பதற்கே எனக்குப் பயம் என்பதை நேர்முகத் தேர்வில் யாரும் விசாரிக்கவில்லை.

மாநகராட்சிகளுக்குப் பாதுகாப்பு, நலத் திட்டங்கள் எழுதித் தரும் சிறிய அலுவலகம் எங்களுடையது. சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு சேர்ந்தேன். அழைப்பு மணியை அழுத்திவிட்டு, ‘ஐயோ, யாரும் வீட்டில் இருக்கக் கூடாதே’ என்று வேண்டிக்கொள்ளும் கணக்கெடுப்பாளர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், நன்கொடை கேட்பவர்கள் எல்லோரும் அருகே வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

கதவு திறந்தது

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலனி. முதல் வீட்டிலேயே ஆள் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பது பார்வையிலேயே தெரிந்தது. மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். “என்னது?” என்றார். மறுபடி ஒப்பித்தேன். காதைக் கதவின் கம்பியருகே கொண்டுவந்தார். மூன்றாம் முறை ‘பாதுகாப்பு’ என்ற சொல் மட்டும் எப்படியோ அவரைப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“கேமராவெல்லாம் போன மாசமே மாட்டியாச்சும்மா. நீ முதல்ல ஒரு மைக் வாங்கிக்கோ, அப்புறம் வியாபாரம் பண்ணலாம்.”

சிவப்பு

வீடு வீடாகப் போவது எனக்குச் சரிப்படாது என்று சாருக்குப் புரிந்துவிட்டது. சார் என்றால் எங்கள் அலுவலகத் தலைவர். கூட்டம் போட்டு, பெரிய வரைபடத்தை விரித்து, பயப்படும் இடங்களில் மக்களையே வட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வது அடுத்த ஏற்பாடு. அதிக ஸ்டிக்கர் விழும் இடத்துக்கு முதலில் விளக்கு. ஸ்டிக்கரே விழாத இடத்துக்குத் திட்டத்தில் இடமே கிடையாது. நாங்கள் யாரும் ஒட்டக் கூடாது. அது சார் போட்ட சட்டம்.

பள்ளிக்கரணை அடுக்குமாடிக்காரர்கள், சதுப்பு நிலத்திலிருந்து பாம்பு எட்டிப் பார்த்த இடத்துக்கெல்லாம் ஒட்டி, கையிலிருந்த ஸ்டிக்கரைக் காலி செய்துவிட்டார்கள். அடுத்தது பம்மல். அங்கே ஒரு சாலை எனக்குத் தெரியும். மூடிக்கிடக்கும் தோல் கம்பெனியின் நீண்ட மதில் ஒரு பக்கம், முள்செடி மறுபக்கம், நடுவில் ஒரு விளக்குகூட இல்லை. ஷேர் ஆட்டோவில் இறங்கும் பெண்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். நானும்தான், மதில் முடிகிற இடத்தில்தான் என் வாடகை அறை.

ஸ்டிக்கர் தீர்ந்ததால் ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மகளிர் குழுக் கூட்டத்துக்குப் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஒருவர் பொட்டைத் தன் நெற்றியில் ஒட்டி, அளவு சரியாக இருக்கிறதா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். மற்றவர்கள் வரிசையாக வந்து ஒட்டினார்கள். முடிந்ததும் பார்த்தேன். திருநீர்மலைக் கோயில் முழுக்கச் சிவந்திருந்தது. மாதா கோயிலுக்குக் கொஞ்சம். மதில் சாலை மட்டும் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது.

“பெருமாள் கோயிலாம்மா இந்த வட்டாரத்திலேயே ஆபத்தான இடம்?” என்று சார் மறுநாள் கேட்டார். அதே கேள்வியைக் குழுத் தலைவி சுமதி அக்காவிடம் கொண்டுபோனேன். தோல் பை தைக்கும் வேறொரு கம்பெனியில் வேலை அவருக்கு. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“நல்லா கீறியே நீ! குங்குமக் கலர் பொட்டத் தூக்கினு போய் கெட்ட எடத்துல எவளாச்சும் வெப்பாளா?”

கறுப்பு

சரி, நிறம்தானே தப்பு? கறுப்புப் பொட்டு வாங்கினேன். இந்த முறை எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மூலையில் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். இத்தனை பேர் பார்க்கப்போகும் வரைபடமாயிற்றே, கண் பட்டுவிடாதா?

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டம் கலைந்ததும் சுமதி அக்காவை ஓரமாக நிறுத்தி, வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தமாகக் கேட்டேன்: “அக்கா, அந்த மதில் சாலைல உங்க யாருக்குமே பயமில்லையா?” அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். குழுப் பெண்கள் சிலரைக் கூட்டிப்போக அவர்கள் வீட்டு ஆண்கள் வந்து நின்றிருந்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“பயம்னு நாங்க வாயத் தொறந்தா ரோட்டுக்கு லைட்டு வராதும்மா, நாளைலேர்ந்து வேலைக்குப் போவாதன்னுதான் வரும்.”

அண்ணன்

எனக்கு அது புரியாமல் இல்லை. “அந்த ஊர் எப்படிடி இருக்கு?” என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நானும் “ஜாலியா இருக்கும்மா” என்றுதான் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் மறுநாளே என்னை மூட்டை கட்டி ஊருக்குக் கூட்டிப்போய்விடுவாள்.

ஒரு நாள் இருட்டத் தொடங்கிய நேரம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, மதில் தொடங்கும் இடத்தில் வழக்கம்போல் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். “அண்ணா, வந்துட்டேண்ணா. முனையிலேயே நிக்கிறியா? ஃப்ரெண்ட்ஸும் கூட இருக்காங்களா? சரி சரி.” எனக்கு அண்ணன் கிடையாது. ஒரே பெண். எதிரில் ஆள் நின்றால்கூட நாலு வார்த்தை பேசாதவள், அந்த மதில் நெடுக இல்லாத ஒருவனிடம் ஓயாமல் பேசுவேன்.

அன்று காதிலிருந்த போன் நிஜமாகவே அழைப்பு வந்து திடீரென்று அலறியது. சார். முன்னால் போய்க்கொண்டிருந்த சுமதி அக்கா திரும்பினார். அவர் காதிலும் போன். அவருக்கு முன்னால் போனவர்கள் காதிலும் போன். அப்போதுதான் கவனித்தேன்: மதில் நெடுகப் பேச்சுக்குரல், முழுக்க எங்கள் குரல்கள்தான். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் போனைத் திருப்பிக் காட்டினார். திரை இருண்டு கிடந்தது.

“உன்துலயாச்சும் சார்ஜ் கீது. நான் மத்தியானமே செத்துப்போன போன்ல எங்க வூட்டுக்காரரோட சண்ட போட்டுகினு வரேன்.”

கேள்வி

அடுத்த கூட்டத்துக்குப் பொட்டு எதுவும் எடுத்துப்போகவில்லை. பயம் என்ற சொல்லையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். “வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப, எந்த இடத்துல போன் பேசுவீங்க? அந்த இடத்துல போனை வைங்க” என்றேன். அவ்வளவுதான்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சுமதி அக்கா எழுந்து மதில் சாலையின் மேல் தன் போனை வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இடம் போதாமல் போன்மேல் போனாக அடுக்கினார்கள். சாலையும் மதிலும் மறைந்துபோயின. படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன். கூட்டம் முடிந்து போனை எடுத்துக்கொள்ளும்போது, நெற்றியில் பொட்டு ஒட்டிப் பார்த்த பெண் என்னிடம் நிம்மதியாகச் சொன்னார்.

“எங்க வூட்ல கேட்டா, டவர் எங்க நல்லா கெடைக்குதுன்னு கணக்கு எடுத்தாங்கன்னு சொல்லிக்கறேன்.”

வெளிச்சம்

அந்தப் படத்தை சார் அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டார். எழுதி, நினைவூட்டி, மறுபடி நினைவூட்டி, ஒருவழியாக மதில் சாலைக்கு விளக்கு வந்தது. பாம்பு வரும் இடங்கள் இன்னும் காத்திருக்கின்றன. பள்ளிக்கரணைக்காரர்கள் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள்.

விளக்கு எரிந்த முதல் நாள் மாலை, பெருமிதமாக ஆட்டோவிலிருந்து இறங்கினேன். மதில் பளிச்சென்று இருந்தது. பெண்கள் கைவீசிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசியபடி போனார்கள். திட்டம் எழுதிய நான் மட்டும் காதில் போனோடு “அண்ணா, வந்துட்டேண்ணா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சுமதி அக்காவின் குரல்.

“லைட்டுதான் வந்துச்சே, பாவம், இன்னும் எதுக்கு அந்த அண்ணன முனையிலயே நிக்க வெச்சுகினு கீற? வூட்டுக்குப் போவச் சொல்லும்மா!”

ஊர் நலனுக்காகத் திட்டம் எழுதப் போய் நான் உருப்படியாகச் செய்தது, இல்லாத ஓர் அண்ணனுக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதுதான்.