இடப்பக்கம் மகள், வலப்பக்கம் டீச்சர்

ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கும் டீச்சருக்கு வெள்ளிக்கிழமை என்றால் முப்பத்தெட்டு நோட்டு. வாசிப்பு நோட்டு என்று பெயர். படித்த கதையைப் பற்றி மனதில் பட்டதைப் பிள்ளைகள் இடப்பக்கத்தில் எழுத வேண்டும். டீச்சர் வலப்பக்கத்தில் பதில் எழுதுவாள். மதிப்பெண் கிடையாது, பிழை திருத்தமும் கிடையாது. "பேய் வந்த இடத்தில் போர்வைக்குள் போய்விட்டேன்" என்று ஒருத்தன் எழுதினால், "நானும்தான்" என்று எழுதுவாள்.

ஒரு நோட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். அது அவள் மகளுடையது.

இந்த வருடத் தொடக்கத்தில்தான் மகளைப் பழைய பள்ளியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து இங்கே சேர்த்தாள். கொண்டுவிட, கூட்டிவர ஆளில்லை என்பது நியாயமான காரணம்தான். உயிர்த்தோழியை விட்டுவிட்டு வந்தவளிடம் நியாயம் எடுபடுமா? போதாக்குறைக்கு முதல் நாள் வாசலிலேயே, "இங்க நான் உனக்கு அம்மா இல்ல, டீச்சர். எல்லாரையும் போலக் கூப்பிடு" என்று கண்டிப்பு வேறு. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதாம்!

மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டிலும் டீச்சர்தான். "டீச்சர், சாப்பிட்டேன்." "டீச்சர், லைட்டை அணைக்கட்டுமா?" அவ்வளவுதான் பேச்சு. டீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது, இப்போது அம்மா என்ற ஒரு சொல்லுக்காக ஏங்கித் தவிக்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அம்மா என்று கத்தினால்கூட இவள் எழுந்துவிடுகிறாள்.

நோட்டில் மட்டும் மகள் பக்கம் பக்கமாகக் கொட்டுவாள். வீடு மாறிப்போகும் ஒரு பெண்ணின் கதையைப் படித்துவிட்டு ஒருமுறை எழுதியிருந்தாள்: "எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்து வைத்தார்கள். அவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை."

டீச்சர் உடனே பேனாவை எடுத்தாள். கதையைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும் என்று விதி வைத்தவளே அதை மறந்தாள். "எல்லாம் உன் நல்லதுக்குத்தானே செய்தேன், கண்ணு? அம்மாவைக் கொஞ்சம் புரிந்துகொள்ளக் கூடாதா?" என்று வலப்பக்கம் முழுக்க எழுதித் தள்ளினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இடப்பக்கத்தில் ஒரே வரி. "கதை நன்றாக இருந்தது." அதற்கடுத்த வாரமும் அதே வரி. இருந்த ஒரு ஜன்னலையும் நம் கையாலேயே சாத்திவிட்டோமே என்று டீச்சர் நொந்துபோனாள்.

மூன்றாம் வாரம் அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் விரித்தாள். இந்த முறை இடப்பக்கத்தில், மாணவி எழுத வேண்டிய இடத்தில், எழுதத் தொடங்கினாள். "அந்தப் பெண்ணின் அம்மா கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை."

தண்ணீர் குடிக்க வந்த மகள், முதுகுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டாள்.

"பயந்தியா?"

டீச்சர் தலையாட்டினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு. எழுதி முடிச்சுத் தரட்டுமா?"

"எழுத வேண்டாம். என்கிட்ட சொல்லும்மா."

அந்தச் சொல்லைக் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தெட்டுப் பேருக்கு வாராவாரம் பதில் எழுதுகிறவளுக்கு அழுகைதான் வந்தது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காத்திருந்தாள்.