வந்தா சொல்றோம்

போன மாதம் காரங்காட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். அலையாத்திக் காட்டைப் படகில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நாங்கள் போன நேரம் தண்ணீர் வற்றிக் கிடந்தது. படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி கையை விரித்து என்னவோ கேட்டார்கள். சீட்டுக் கிழிக்கிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வீ வில் கோ வென் வாட்டர் கம்ஸ்" என்றாள்.

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. 'வென் வாட்டர் வில் கம்' என்று அவள் சொல்லவில்லை, பாருங்கள். ஒரே ஒரு 'வில்'லோடு நிறுத்திக்கொண்டாள். அந்த இரண்டாவது வில்லைப் பிடுங்கி எறிவதற்காக என் வாழ்க்கையில் நான்கு வருஷத்தைச் செலவழித்தவள் நான்.

ராமநாதபுரத்தில் கயிறும் வலையும் விற்கிற கடை ஒன்றின் மாடியில் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் இருந்தது. புது நைலான் கயிற்றுக்கு ஒரு வாசனை உண்டு, வெயிலில் காய்ந்த மண்ணெண்ணெய் மாதிரி. இன்றைக்கும் அந்த வாசனை பட்டால் எனக்கு வினைச்சொற்கள் ஞாபகம் வரும். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு நேராக அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். இங்கிலீஷ்காரர் ஒருவரிடமும் அதுவரை பேசியது கிடையாது. ஒரே ஒரு தடவை ராமேஸ்வரம் ரயிலில் ஒருவர், மண்டபம் எப்போது வரும் என்று கேட்டார். பதிலை மனசுக்குள் இலக்கணப்படி அடுக்கி முடிப்பதற்குள் மண்டபம் வந்துவிட்டது.

ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நான் புலி. நடக்கப்போகிற இரண்டு காரியங்களை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமென்றால் நம் ஆட்கள் இரண்டு பக்கமும் வில் போடுவார்கள். 'ஐ வில் டெல் யூ வென் ஹி வில் கம்.' நியாயமான யோசனைதான். இரண்டுமே நாளைக்கு நடக்கப்போவதுதானே? முன்பக்கம் வில் வந்துவிட்டால் 'வென்'னுக்கும் 'இஃப்'புக்கும் பின்னால் வரக்கூடாது என்று நான் தொண்டை கட்டக் கத்துவேன். வகுப்பில் ஜபருல்லா என்று ஒரு அண்ணன் இருந்தார். ராமேஸ்வரத்துக்கு வருகிற யாத்ரீகர்களை வேனில் ஏற்றிக்கொண்டு தினமும் தனுஷ்கோடிக்குப் போய் வருகிறவர். ஒருநாள் எழுந்து, "அம்புட்டுதான டீச்சர்? ராமருக்கே ஒரு வில்லுதான" என்றார். நான் ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு வரியில் எல்லாருக்கும் ஏறிவிட்டது.

அந்த வகுப்புக்குத்தான் செல்வராணி அக்கா வந்தார்.

முதுகுளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மிளகாய் வெள்ளாமை. இரண்டு பஸ் மாறி வருவார். வத்தல் காய்கிற மாதங்களில் அவர் வந்து உட்கார்ந்ததும் முன்வரிசை முழுக்கத் தும்மும். அவர் மட்டும் தும்மமாட்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்; ஆனாலும் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவார்.

முதல் நாள் அவர் படிக்க வரவில்லை. ஒரு கடிதத்தோடு வந்தார். வீட்டுக்காரர் முருகேசன் கட்டட வேலைக்கு வெளிநாடு போனவர். ஊர் டீக்கடை போனுக்கு வாரம் தவறாமல் கூப்பிடுகிறவர், நான்கு மாதமாகக் கூப்பிடவில்லை. யாரையோ பிடித்துக் கம்பெனிக்கு எழுதிப் போட்டதற்கு இரண்டு வரியில் பதில் வந்திருந்தது. அவர் கேம்பில் இல்லை என்பது முதல் வரி. இரண்டாவது வரி: 'வீ வில் இன்ஃபார்ம் யூ இஃப் ஹி ரிப்போர்ட்ஸ் டு த கேம்ப்.'

எனக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே படித்துவிட்டு, "இப்ப அங்க இல்லையாம்க்கா. கேம்புக்கு வந்தா சொல்றோம்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

"வந்தா சொல்றாகளா?"

"ஆமாக்கா."

அந்த முகம் தெளிந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மறுவாரமே வகுப்பில் வந்து சேர்ந்தார். "கம்பெனிக்காரன் போன் பண்ணிச் சொல்றப்ப எனக்கு வெளங்கணும்ல?" என்றார்.

நம் பேச்சில் 'வந்தா' என்ற ஒரே சொல் இரண்டு ஆள் வேலை பார்க்கிறது. 'பஸ் வந்தா கூப்பிடு' என்றால் பஸ் வரும், நேரம்தான் தெரியாது. 'தொலஞ்ச ஆடு வந்தா சொல்லு' என்றால் வருமா என்பதே தெரியாது. 'மழை வந்தா வெதைப்போம்' என்பதை எதில் சேர்ப்பது என்று முதுகுளத்தூர்க்காரர்களுக்கே தெரியாது. நான் சொன்ன 'வந்தா'வை அக்கா பஸ்ஸாக எடுத்துக்கொண்டு போயிருந்தார். இரண்டு மாதம் அந்த நம்பிக்கையில் டீக்கடைப் பக்கமே காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இஃப், வென் பாடம் எடுத்த நாள் வந்தது. பலகையில் மேலே 'ஐ வில் டெல் யூ வென் ஹி கம்ஸ்' என்று எழுதினேன். கீழே 'இஃப் ஹி கம்ஸ்'. அதை எழுதும்போதே கை நின்றுவிட்டது. அந்தக் கடிதம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தி வேறு பாடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் பின்னாலிருந்து ஒருவர் வித்தியாசம் என்ன என்று கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன்: "வென்னுன்னா வருவாரு, எப்பன்னுதான் தெரியாது. இஃப்னா வருவாரா மாட்டாரான்னே தெரியாது."

செல்வராணி அக்கா மெல்ல எழுந்தார். கவரைப் பிரித்தார். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "டீச்சர், இதுல இஃப்புல்ல போட்ருக்கு?" என்றார்.

"நான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்க்கா" என்றேன். எனக்கே கேட்காத குரல் அது.

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலையே. வந்தான்னு சொன்னீக. நாந்தான் வருவாகன்னு கேட்டுக்கிட்டேன்." உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜபருல்லா அண்ணன்தான் பேசினார். "தங்கச்சி, நாங்க வாய்க்கு வாய் இன்ஷா அல்லாங்கிறமே, அல்லா நாடினாங்கிறதுதான் அது. அதுவும் இஃப்தான். அதுக்காகக் கையக் கட்டிக்கிட்டா உக்காந்திருக்கோம்? எந்திரிங்க. கீழ பூத்துல போன் இருக்கு."

கயிற்றுக்கடைக்கு அடுத்து ஐ.எஸ்.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் அக்காவும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அண்ணன் வெளியே காவல் மாதிரி நின்றார். நான் பேசுகிறேன் என்றதற்கு அக்கா தலையை ஆட்டிவிட்டார். "நீங்க மரியாதையாப் பேசுவீக. வச்சுருவான்."

கடிதத்திலிருந்த கம்பெனி நம்பருக்கு மணி அடித்தது, எடுத்தார்கள். அக்கா பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், ஆளைக் காணவில்லை என்றார். எதிர்முனையில் ஒருவன் எதையோ வேகமாகச் சொல்லிவிட்டு வைக்கப் போனான். அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சார், ஐ வில் நாட் கட் த போன் அன்டில் யூ டெல்."

அந்த நிலைமையிலும் என் மனசு, வில் ஒன்றுதான், சரி என்று மார்க் போட்டது. என்ன செய்ய, வாத்தியார் புத்தி.

அவன் ரிசீவரை யாரிடமோ கொடுத்தான். பிறகு மலையாள வாடையடிக்கிற இங்கிலீஷில் வேறொரு குரல் வந்தது. அவர் நிதானமாகக் கேட்டார். அக்காவும் நிதானமாகச் சொன்னார். கடைசியில் முருகேசனுடைய அப்பா பெயர் என்ன என்று அவர் கேட்க, அக்கா "கருப்பையா" என்றார். எதற்குக் கேட்கிறார் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் டீக்கடைக்குப் போன் வந்தது. சேதி கேட்ட கையோடு அக்கா பஸ் ஏறி வந்து, படியேறி மூச்சிரைக்க வாசலில் நின்று ஒரே சொல் சொன்னார்: "இருக்காக."

லீவு நாளில் கூட்டாளியோடு வேறொரு இடத்துக்கு வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார் முருகேசன். கூட்டிப்போனவன் பயந்து ஓடிவிட்டான். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது பாதி நினைவில் இவர் முனகியது தகப்பன் பெயர். கருப்பையா என்ற பெயரிலேயே ஐந்தாறு மாதமாக அங்கே படுத்திருக்கிறார். முருகேசனைத் தேடியவர்களுக்கு அவர் எப்படிக் கிடைப்பார்?

ஊர் வந்து சேர இன்னும் மூன்று மாதமாயிற்று. வலது காலை இழுத்துத்தான் நடந்தார். அக்கா அவரைச் சென்டருக்குக் கூட்டி வந்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இவ இங்கிலீசு பேசுறாளாமே, மெய்யாவா?" என்று என்னிடம் கேட்டார். அக்கா வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. வர வேண்டிய காரியம் முடிந்துவிட்டது.

எனக்குத்தான் அந்தப் பெஞ்சு காலியாகவே தெரிந்தது. பாடம் எடுத்த நான்கு வருஷத்தில், ஒரு வாக்கியத்தை உயிருக்கு வேண்டியதாக நினைத்துப் படித்தவர் அவர் ஒருவர்தான். நான்கூட அப்படிப் படித்தவளில்லை.

சென்டர் மூடி வெகு காலமாகிறது. அந்த மாடியையே இடித்துவிட்டு மொபைல் ஷோரூம் கட்டிவிட்டார்கள்; கடிதத்துக்கு மேலே போனைக் காட்டினால் போனே தமிழில் சொல்லிவிடுகிறது. ஜபருல்லா அண்ணன் மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது என்று கீழக்கரையில் யாரோ சொன்னார்கள். ஒரு கல்யாணத்துக்காக முதுகுளத்தூர் போனபோது ஆட்டோ பிடித்து அக்காவின் ஊருக்கும் போய்ப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. பிள்ளைகளோடு திருப்பூர்ப் பக்கம் போய்ப் பல வருஷமாயிற்றாம். மிளகாய் போட்ட நிலத்தில் சீமைக்கருவேல் ஆளுயரத்துக்கு நின்றது. நம்பர் யாரிடமும் இல்லை.

அக்கா வீட்டுக்காரரைக் கூட்டி வந்த அன்றைக்குச் சென்டரிலிருந்து இருவரையும் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட்டேன். முருகேசன் அண்ணனைத் தாங்கி ஏற்றி உட்காரவைத்துவிட்டு, அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"வாரேன் டீச்சர்."

போகிறவர்கள் வாரேன் என்பதுதான் நம் வழக்கம். யாரும் எப்போது என்று கேட்பதில்லை. நானும் கேட்காமல் தலையாட்டினேன்.