கிணற்றடியில் ஒரு மூங்கில் பீலி

எங்கள் கிணற்றுக்கட்டில் சாய்ந்திருக்கும் மூங்கில் பீலியைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டுவிட்டீர்கள். மோட்டார் இருக்கிறது, குழாய் இருக்கிறது, தண்ணீர் வழிந்தோட நெடுக்காகப் பிளந்த இந்த மூங்கில் எதற்கு என்று. இது நாலாவது மூங்கில், பிள்ளைகள். முதலாவது எப்போதோ உக்கிப்போய்விட்டது. அதைத் தந்தவர் உங்கள் அம்மாவின் சித்தி.

அம்மாவின் குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு எங்கள் நெடுங்கேணிப் பக்கம் வந்து குடியேறியபோது, சிறுவயதில் அவரைத் தூக்கி வளர்த்த சித்தி மட்டும் கொழுந்து பறித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். நான் பெண் கேட்டபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "சித்தி சரின்னு சொன்னா எனக்கும் சரி." தொண்ணூறுகளின் நடுவில் யுத்தம் ஓய்ந்து பாதைகள் சில மாதம் அமைதியாக இருந்தன. அறுவடை முடிந்ததும் புது அரிசி ஒரு பையில் கட்டிக்கொண்டு, மலையையே கண்டிராத நான் புறப்பட்டேன்.

சித்தி என்னை வீட்டில் இருத்தி விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். "கொஞ்சம் நடப்போம் வாங்க" என்றார். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அவர் செருப்பில்லாமல் முன்னே ஏறினார். வயல் வரம்பில் நடந்து பழகிய என் கால்கள் பின்னால் வழுக்கின. முதல் அருவி பாறையில் நூல்போல ஒட்டிக்கொண்டு இறங்கியது. இரண்டாவது எங்கள் பாதையையே நனைத்தது. ஆள் நடமாட்டமில்லை. குருவிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும்தான். சித்தி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அங்க புள்ள தண்ணிக்கு ரொம்ப தூரம் நடக்குதாமே?"

"ஓம், இப்ப பொதுக்கிணத்துக்குத்தான் போறா. நான் வீட்டு வளவுக்குள்ள கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறன்."

"தண்ணி வந்துச்சா?"

"இன்னும் இல்லை."

அவர் ஏறிக்கொண்டே போனார். அப்படியே மூன்றாவது அருவிக்கு வந்துவிட்டோம். உச்சியிலிருந்து விழுந்து, பாதியில் புகையாகி, மறுபடி தண்ணீராகும் பெரிய அருவி. அண்ணாந்து பார்க்கவேண்டிய நான் அதன் அடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"என்னாங்க தேடுறீங்க?"

"அணைக்கட்டைக் காணேல்லை. இவ்வளவு தண்ணியும் எங்க போகுது?"

"கீழ போகுது."

"சும்மாவோ? இதை மறிச்சால் எங்கட குளம் ரெண்டு கிழமையில நிரம்பி வழிஞ்சு வான் பாயுமே!"

சித்தி பாறையில் குந்திவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "மனுசனுக்கு அருவியக் காட்டுனா, அணை கட்டப் பாக்குறாரே!" காரியம் கெட்டது என்றே நினைத்தேன். சிரிப்பு அடங்கியபின் சொன்னார்: "நீங்க கெணத்துல தண்ணியப் பாக்காம விடமாட்டீங்க. சரி, புள்ளயக் கட்டிக்கிட்டுப் போங்க. ஆனா அவ தண்ணி விழுற சத்தத்துலயே தூங்கி வளந்தவ. அங்க அந்தச் சத்தமே இல்லன்னு எழுதியிருந்தா."

சித்தியின் லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் பழைய மூங்கில் ஒன்று கழற்றப்பட்டுக் கிடந்தது. அதைத் தரச் சொல்லிக் கேட்டேன். "மூங்கில் இருக்கு, அருவிக்கு எங்க போவீங்க?" என்று மறுபடியும் சிரித்தார். வரும் வழியில் சோதனைச் சாவடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

கிணற்றில் தண்ணீர் வந்தது. பாதைகள் மறுபடி பூட்டப்பட்டன. அந்தத் தண்ணீரைப் பார்க்கச் சித்திக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இப்போதும் காலையில் நான் மோட்டாரைப் போடுமுன் அம்மா ஒரு வாளி அள்ளி, பீலியில் மெதுவாக ஊற்றுகிறார். தண்ணீர் கல்லில் விழுகிறது. விழுந்து முடியும்வரை அவர் அசைவதில்லை. அது வாழைக்கும் போவதில்லை, வயலுக்கும் போவதில்லை, மணலில் ஊறிவிடுகிறது. மண்வெட்டியோடு பக்கத்தில்தான் நிற்பேன். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.