அண்ணியின் ரோஜாப் பந்தல்

அண்ணி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, முழங்கை வரை முள் கீறிய அவருடைய கைகள்தாம். பள்ளியில் கணக்கு நடத்தும்போது பிள்ளைகள் அந்தக் கீறல்களைப் பார்த்து விசாரிப்பார்களாம். "ரோஜாவோட சண்டை" என்பாராம்.

அண்ணன் மாரடைப்பில் போன மறுவருடம், உடன் வேலை பார்த்த டீச்சர் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கொடி ரோஜாக் குச்சிகளை, வலங்கைமான் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரம் நட்டார் அண்ணி. எங்கள் களிமண் நெல்லுக்குத்தான் லாயக்கு. தண்ணீர் தேங்கி முதல் குச்சிகள் அழுகின. அடுத்த முறை செங்கல் துண்டுகளைப் பரப்பி, மணலும் மட்கிய சாணமும் போட்டு மேட்டுப் பாத்தி கட்டினார். கொடிகள் பிடித்துக்கொண்டன. சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டினார். கேட்டிலிருந்து வாசற்படி வரை மூங்கில் பந்தலும் போட்டார்.

பெரியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. சின்ன வயதிலேயே பெரியப்பாவை இழந்து, அன்றோடு பூ வைப்பதை நிறுத்தியவர் அவர்.

"பூ வைக்கக் கூடாதவ வீட்டுல எதுக்குடி இவ்வளவு பூச்செடி?"

"செடிக்கு அதெல்லாம் தெரியாதுங்க அத்தை" என்றார் அண்ணி, கொடியைக் கட்டியபடியே.

அந்த ஐப்பசி மழையில் தோட்டம் குளமானது. இலைகள் கொட்டி, கொடிகள் கறுத்தன. பிடுங்கிவிடலாம் என்றேன் நான். அண்ணி முழங்கால் தண்ணீரில் இறங்கி வாய்க்காலுக்கு வடிகால் வெட்டினார். மழை விட்டதும் எல்லாக் கொடிகளையும் அடியோடு ஒட்ட நறுக்கினார். நான் அழாத குறை. தையில் செந்தளிர் விட்டது. மாசியில் சுவர் தெரியவில்லை, மூங்கில் தெரியவில்லை. கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்புதான். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பந்தலின் கீழேதான் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். யாராவது சுமங்கலி தட்டை வாங்கட்டும் என்று ஒரு குரல் எழுந்தது. அண்ணி கையை உயர்த்தி ஒரு கொத்தை ஒடித்து, முள்ளைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தன் கொண்டையில் செருகிக்கொண்டார். பிறகு முன்னால் போய், "வாங்க, வாங்க" என்று தட்டை வாங்கினார். எல்லோர் கண்ணும் அந்தக் கொண்டைப் பூவின் மேல்தான்.

பெரியம்மா நாற்காலியைவிட்டு எழுந்து அண்ணியின் அருகே போனார்.

"சாஞ்சிருக்குடி" என்று சொல்லி, அந்தப் பூவை நேராக்கிவிட்டார் பெரியம்மா.